தம்பிரான், பராபரன், தேவன்: தமிழில் கிறித்தவ இறைமையின் பெயர்கள்

தமிழ் விவிலியத்தின் முதல் வாக்கியத்தைக் கண்டிப்பான ஒரு பள்ளித் தமிழாசிரியரிடம் கொடுத்தால் சிவப்பு மையால் சுழித்துத்தான் திருப்பித் தருவார். 1871இல் முழுமையாக வெளிவந்து, இன்றும் சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் வாசிக்கப்படும் பதிப்பைச் சொல்கிறேன். அந்த வாக்கியத்தின் எழுவாய் 'தேவன்', ஆண்பால் ஒருமை. பயனிலையோ 'ஆர்' என்று முடிகிற மரியாதைப் பன்மை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் எண் பொருந்தவில்லை. ஆனால் இந்தப் பதிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் யாருக்கும் இது பிழையாகக் காதில் விழுவதில்லை. 'தேவன் படைத்தான்' என்றால்தான் துணுக்குறுவார்கள்.

மூலமான எபிரேயத்திலும் அதே இடத்தில் அதே பொருத்தமின்மை இருக்கிறது, தலைகீழாக. அங்கே எழுவாய் 'ஏலோகிம்'. அது பன்மை ஈறு பெற்ற சொல். வேறிடங்களில் 'தெய்வங்கள்' என்ற பொருளிலேயே வரும். வினைச்சொல் 'பாரா' ஒருமை. பெயரைப் பன்மையாக்கி வினையை ஒருமையில் நிறுத்திய மொழி அது. பெயரை ஒருமையில் நிறுத்தி வினையைப் பன்மையாக்கிய மொழி இது. மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மொழிகளும் ஒரே நெருக்கடியில் மாட்டிக்கொண்டன என்றுதான் தோன்றுகிறது. ஒருவரே என்றும் சொல்ல வேண்டும், அந்த ஒருவர் மற்ற ஒருவர்களைப் போன்றவர் அல்லர் என்றும் சொல்ல வேண்டும். இலக்கணம் அந்த இடத்தில் சற்று வளைந்து கொடுத்திருக்கிறது.

கிறித்தவர்கள் கடவுளின் பெருமை என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை இறையியல் நூல்களின் வரையறைகளிலிருந்து தொடங்கலாம். அந்தப் பெருமைக்குத் தமிழில் பெயர் தேடி நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்த போராட்டத்திலிருந்து தொடங்கினால் விஷயம் இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. ஒவ்வொரு பெயரும் எதைப் பிடித்தது, எது அதன் கையிலிருந்து நழுவியது என்று பார்க்கும்போது, அந்த நம்பிக்கை எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

முதலில் எபிரேய மூலத்தில் பெருமைக்குரிய சொல். பழைய ஏற்பாடு கடவுளின் மகிமையைச் சொல்லும்போது பெரும்பாலும் ஆளும் சொல் 'காபோத்'. அதன் வேர் எடையைக் குறிப்பது, கனத்தல், பாரமாயிருத்தல். ஒளி, புகழ், மாட்சி எல்லாம் பின்னால் சேர்ந்தவை. கிரேக்கத்தில் இது 'டோக்சா' ஆனது. அந்தச் சொல்லின் பழைய பொருள் கருத்து, மதிப்பு. வடமொழி வழியாகத் தமிழில் 'மகிமை' ஆனது. 1995இல் வந்த திருவிவிலியம் 'மாட்சி' என்கிறது; திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயருக்குள்ளேயே இருக்கும் பழந்தமிழ்ச் சொல் அது. இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் இரண்டிலும் எடை இல்லை. எடை வேறோர் இடத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது. பத்துக் கட்டளைகளில் பெற்றோரைப் பற்றிய கட்டளையில் எபிரேயம் பயன்படுத்தும் வினை இதே வேரிலிருந்து வருகிறது. 1871ஆம் ஆண்டுத் தமிழில் அதற்கு நேராக நிற்கும் சொல் 'கனம்பண்ணு'. கனம் என்றால் பாரமும்தான், மதிப்பும்தான். பாரத்திலிருந்து மதிப்பு பிறக்கும் அந்த எபிரேய நகர்வை இத்தனை துல்லியமாகக் காட்டும் சொல் தமிழில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. தாய்தகப்பனுக்குக் கிடைத்த அந்தச் சொல் கடவுளின் மகிமைக்கும் கிடைத்திருக்கலாமே என்ற ஏக்கம் இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

எடையுள்ளது எங்கே வைத்தாலும் இடத்தை அழுத்தும். சாலொமோன் எருசலேமில் ஆலயம் கட்டி முடித்துப் பிரதிட்டை செய்த நாளின் ஜெபத்தை முதலாம் அரசர் நூல் தருகிறது. இத்தனை பெரிய கட்டடத்தைக் கட்டியவன், வானங்களே கொள்ளாதவரை இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்று திறப்பு விழா அன்றே கேட்டுவிடுகிறான். அதே நூலில் சில அதிகாரங்கள் தள்ளி, உயிருக்கு அஞ்சி ஓடிய எலியா ஓரேப் மலைக் குகையில் நிற்கிறார். பெருங்காற்று வருகிறது, நிலம் அதிர்கிறது, நெருப்பு வருகிறது. மூன்றிலும் கடவுள் இல்லை என்கிறது கதை. அதன்பின் கேட்கும் மிக மெல்லிய ஓசையில்தான் எலியா சால்வையால் முகத்தை மூடிக்கொள்கிறார். விவிலியத்தில் கடவுளின் பெருமையைப் பற்றி நினைக்கும் யாரும் இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொள்ளாத வானமும் கேட்குமோ கேட்காதோ என்ற ஓசையும் ஒருவரையே சுட்டுகின்றன.

அந்த ஒருவருக்கு எபிரேயத்தில் ஒரு தனிப்பெயர் உண்டு. நான்கு மெய்யெழுத்துகள் கொண்ட அந்தப் பெயர் எபிரேய விவிலியத்தில் 6,800 முறைக்கு மேல் வருகிறது. ஆயினும் யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் ஆண்டுக்கொரு முறை, பாவநிவாரண நாளில், தலைமைக் குரு அதைச் சொல்வார் என்று யூதர்களின் மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்கிறது. மற்ற வேளைகளில் எழுத்தில் அந்தப் பெயரைக் கண்டால் வாய் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று படிக்கும். இந்தத் தயக்கமே மொழிபெயர்ப்புகளின் வழியாக இறங்கி வந்தது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'கூரியோஸ்', இலத்தீனில் 'தோமினுஸ்', தமிழில் சீர்திருத்தச் சபையாருக்கு 'கர்த்தர்', கத்தோலிக்கருக்கு 'ஆண்டவர்'. நம்மூர்ப் பாட்டி 'கர்த்தாவே' என்று பெருமூச்சு விடும்போது, பெயரைச் சொல்லக் கூசிய ஒரு பழைய சமூகத்தின் மௌனத்தையும் தன்னையறியாமல் சுமந்துகொண்டிருக்கிறாள். 2008இல் வத்திக்கான், வழிபாட்டில் அந்த நான்கெழுத்துப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது. மௌனம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

கணவன் பெயரைச் சொல்லாத மனைவியையும், குருவின் பெயரைச் சொல்லாத சீடனையும் அறிந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதிப்பு மிகும்போது பெயர் பின்வாங்கும்.

ஆனால் வேதத்தைத் தமிழில் சொல்ல வந்தவர்கள் மௌனத்தை அச்சடிக்க முடியாது. 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் ஒரு சிறுநூல் அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று வரலாறு அதைக் கொண்டாடுகிறது. போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறையின் பரதவ மக்களுக்காக ஆக்கியது. நூலின் பெயரே கடவுளின் பெயரோடு தொடங்குகிறது: 'தம்பிரான் வணக்கம்'. அச்சுவரலாறு எழுதுபவர்கள் எழுத்துருவையும் தாளையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அட்டையில் இருக்கும் அந்த முதல் சொல்லில் போதிய அளவு நின்றவர்கள் குறைவு.

'தம்பிரான்' சைவர்களின் வீட்டுச் சொல். சுந்தரரைத் 'தம்பிரான் தோழர்' என்பார்கள். சைவ மடத்துத் துறவிகளுக்கும் அதுவே பட்டம். மேற்குக் கரையில் அதன் உறவுச் சொல் அரசனையும் நிலப்பிரபுவையும் குறித்தது. பரதவர்கள் திருமுழுக்குப் பெற்று அப்போது நாற்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுக்கு இந்தச் சொல் ஆளுகிறவரின் முகத்தைக் காட்டியிருக்கும். அதுதான் அதன் பலம். பிரான்கள் பலர் உள்ள ஊரில் இவரும் ஒரு பிரானா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

அடுத்த தலைமுறையில் 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், இராபர்ட் தெ நொபிலி, அந்தக் கேள்விக்குச் சொல்லுக்குள்ளேயே விடை வைத்தார். அவர் எழுத்துகளில் கடவுள் 'சருவேசுரன்'. எல்லாவற்றுக்கும் ஈசுரன். ஈசுரர்கள் பலராயிருந்தாலும் 'சருவ' என்ற முன்னொட்டு வந்துவிட்டால் இன்னொருவருக்கு இடமில்லை. தருக்கம் படித்தவரின் தேர்வு அது. தமிழகக் கத்தோலிக்கர்களின் ஜெபங்களில் அந்தச் சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உயிரோடிருந்தது. பழைய ஜெபப்புத்தகம் வைத்திருக்கும் வீடுகளில் முதியவர்கள் இன்றும் அதைச் சொல்லக் கேட்கலாம்.

தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் வந்திறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்கு வேறொரு காரியம் செய்தார். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715இல் முழுமையாக அச்சேற்றிய அதே மனிதர், தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். தெய்வங்களின் பட்டியலுக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் மேலான, உருவமற்ற ஒரு பரம்பொருளைத் தமிழர்கள் அறிவார்கள் என்றும் அதைப் 'பராபரவஸ்து' என்கிறார்கள் என்றும் எழுதி அங்கிருந்து தொடங்குகிறார். ஹாலே நகரத்திலிருந்த அவருடைய மேலோர் இந்த நூலை விரும்பவில்லை; சென்னையில் 1867இல்தான் அது அச்சானது. நூற்றைம்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதியில் ஒரு நேர்மை இருக்கிறது. கடவுளின் பெருமையைச் சொல்லத் தான் கப்பலேறி வருவதற்கு முன்பே இந்த ஊரில் அதற்கு ஒரு சொல் இருந்தது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சொல்லை முழு விவிலியத்துக்கும் உரியதாக்கியவர் பப்ரிஷியஸ். 1740இல் தமிழகம் வந்து, பெரும்பகுதிக் காலம் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து, 1791இல் இறந்தவர். அவருடைய மொழிபெயர்ப்பில் கடவுள் 'பராபரன்'. இங்கே ஓர் எழுத்து மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அதே நூற்றாண்டில் தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணியின் 389 கண்ணிகளும் 'பராபரமே' என்று விளித்து முடிகின்றன. பராபரம் அஃறிணை வடிவம். சீகன்பால்கு கேட்டறிந்த 'வஸ்து'வும் அப்படியே. பப்ரிஷியஸ் 'அன்' ஈற்றைத் தேர்ந்தார். சைவ நூல்களிலும் பராபரன் உண்டு. ஆகவே அவர் புதிதாக எதையும் கட்டவில்லை. இருந்தாலும் தமிழ் அனுமதித்த இரண்டு வடிவங்களில் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்ததில் ஒரு முழு நம்பிக்கையறிக்கை அடங்கியிருக்கிறது. கிறித்தவர்கள் சொல்லும் மேலான பொருள் பேசும், பேர்சொல்லி அழைக்கும், கோபிக்கும், மனம் இரங்கும். அதை 'அது' என்று சொல்ல அவர்களால் முடியாது. தாயுமானவரும் தம் பராபரத்தோடு உருகி உருகிப் பேசுகிறவர்தான். இரண்டு பேரும் தஞ்சை வட்டாரத்துக் காற்றில் மிதந்த ஒரே சொல்லைக் கையேந்தி வாங்கியவர்கள் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

பராபரன் என்ற சொல்லின் மீது மக்களுக்கு எவ்வளவு பற்று வந்துவிட்டது என்பது அதைத் திருத்த முயன்றபோது தெரிந்தது. திருநெல்வேலியில் மறைப்பணியாளர் இரேனியஸ் புதிய ஏற்பாட்டைத் திருத்தி எளிமைப்படுத்த முனைந்தபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் நண்பர், பெருங்கவிஞர். பப்ரிஷியஸின் சொற்களில் ஜெபித்தே பழகிய நாவுக்கு வேறு சொல்லைக் கொடுப்பது வழிபாட்டையே பிடுங்குவது என்று அவர் கருதினார். இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கடவுளின் பெருமை ஒருவனுக்குள் தங்குவது அவன் சிறுவயதில் கற்ற சொற்களில்தான்.

எதிர்ப்பையும் மீறி 'தேவன்' வந்தது. ஹென்றி போவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871இல் நிலைபெற்றது. 'தேவர்கள் முப்பத்து முக்கோடி' என்று சொல்லும் மொழியில் ஒரேயொருவருக்கு அந்தச் சொல்லை வைப்பது எவ்வளவு துணிச்சல்! சருவேசுரனும் பராபரனும் தம் உச்சத்தைச் சொல்லிலேயே ஏந்தியிருந்தன. தேவன் என்ற சொல்லுக்கு அப்படி எந்தச் சிறப்பும் இல்லை. இந்திரனுக்கும் அதே பெயர்தான். ஆனால் கிரேக்கப் புதிய ஏற்பாடு சேயுஸ் முதலானவர்களுக்கு வழங்கிய 'தெயோஸ்' என்ற பொதுச்சொல்லைத்தான் எடுத்தது என்பதை மறக்கக்கூடாது. எபிரேயத்து 'ஏலோகிம்' கூட அண்டை நாட்டாரின் தெய்வங்களுக்கும் வழங்கிய சொல்லே. தெருவில் கிடக்கும் சொல்லை எடுத்து, அதைச் சொல்லும் கதையாலேயே நிறைப்பது பழைய வழி. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த 'ஆர்' ஈறு அப்படி நிறைக்கும் வேலையில் ஒரு பங்கு செய்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லார்சன் தலைமையில் நடந்த திருத்தம் 'கடவுள்' என்ற சொல்லைத் தேர்ந்தது. அது 1871ஆம் பதிப்பை அகற்ற முடியவில்லை. ஆனால் 1995இன் திருவிவிலியம் அதே சொல்லோடு பரவியது. தொல்காப்பியத்திலேயே 'கடவுள் வாழ்த்து' உண்டு; இதைவிடத் தமிழான சொல் இல்லை. மேடைகளில் இதற்கு அழகான விளக்கம் ஒன்று சொல்வார்கள்: கடந்தும் உள்ளும் இருப்பவர் கடவுள். இலக்கணம் இதற்கு இடம் தராது. செய்யுள், இயவுள் போல 'உள்' இங்கே ஒரு விகுதி. சொல்லின் பொருள் கடந்திருப்பது என்ற அளவில் நின்றுவிடும்.

கடந்திருப்பவர் என்பதைக் கிறித்தவ மரபும் சொல்லியிருக்கிறது, மிக உறுதியாக. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எந்த ஒப்புமையைச் சொன்னாலும் அதைவிடப் பெரிய வேற்றுமை அங்கே இருக்கிறது என்று அறிவித்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1077-78இல், ஆன்செல்ம் என்ற துறவி ஒரு நூலில் கடவுளை வரையறுத்தார்: இதைவிடப் பெரிதாக எதையும் நினைக்க முடியாது என்ற எல்லையில் நிற்பவர். இந்த வரையறை மெய்யியல் வகுப்புகளில் ஆயிரம் முறை அலசப்பட்டுவிட்டது. அதே நூலின் பதினைந்தாம் அதிகாரத்தை அத்தனை பேர் படிப்பதில்லை. அங்கே அவர் தம் வரையறையையே தாண்டுகிறார். நினைக்கக்கூடியவற்றில் மிகப் பெரியவர் என்பது போதாது, நினைப்பு எட்டுவதைவிடவே பெரியவர் என்கிறார். நூல் முழுக்க ஜெபமாக, கடவுளை நோக்கிப் பேசும் நடையில் எழுதப்பட்டிருப்பதால் அந்தத் தாண்டல் தருக்கத்தின் தோல்வியாகத் தோன்றுவதில்லை. வணங்கிய தலையாகத் தெரிகிறது.

இத்துடன் நின்றிருந்தால் கிறித்தவம் சொல்லும் பெருமைக்கும் மற்ற ஒருகடவுட் சமயங்கள் சொல்வதற்கும் அதிக வேறுபாடு இருந்திராது. திருப்பம் நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வெளிப்படையாயிற்று. ஆரியுஸ் என்ற குரு, கிறிஸ்து கடவுளின் படைப்புகளில் தலையானவர், ஆனால் படைப்பே என்றார். திருச்சபை வரலாறு அவரைக் கடவுளைக் குறைத்தவராகவே காட்டும். அது சரியல்ல என்பது என் எண்ணம். அவர் கடவுளின் பெருமையைக் காக்கத்தான் புறப்பட்டார். எல்லையற்றவர் பிறக்க முடியாது, பசிக்க முடியாது, அழ முடியாது; ஆகவே பிறந்து பசித்து அழுதவர் வேறு யாராகவோ இருக்க வேண்டும். இதில் தருக்கப் பிழை எதுவுமில்லை. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை ஏற்க மறுத்து, மகன் தந்தையோடு ஒரே சாரத்தினர் என்றார்கள். சபையின் முடிவைப் பின்னாளில் அத்தனாசியுஸ் வாழ்நாள் முழுதும் தாங்கினார். அதற்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். இறங்கி வர முடியாத அளவுக்கு உயர்ந்தவர் என்றால் அந்த உயரமே அவருக்கு ஒரு வேலி ஆகிவிடும். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில், கடவுளின் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவெடுத்தார் என்று சொன்னது இதைத்தான். கிறித்தவ நம்பிக்கையின் நெஞ்சு இந்த இடத்தில் துடிக்கிறது. இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மெய்யியலாளர்களின் பரம்பொருள் மட்டுமே.

தமிழில் இதை மிக ஆழமாக உணர்ந்தவர் வீரமாமுனிவர் என்று நினைக்கிறேன். 1726இல் முடித்த தேம்பாவணியில் 3,615 பாடல்கள். பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது நம் இலக்கண விதி. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று காப்பிய மரபின் அத்தனை அலங்காரத்தோடும் அவர் அரியணை ஏற்றும் தலைவன் ஒரு தச்சன். சூசையப்பரை 'வளன்' என்று தமிழாக்கி, படைத்தவர் ஒரு தொழிலாளியின் வீட்டில் குழந்தையாக வளர்ந்ததைக் காப்பியப் பொருளாக்கினார். சோழனுக்கும் பாண்டியனுக்கும் தைத்த உடையை இழைப்புளி பிடித்த ஒருவருக்குப் போர்த்தியபோது, பெருமை என்ற சொல்லின் பொருளே தமிழில் இடம் மாறியது.

விவிலியப் பதிப்புகளின் சண்டைகளுக்கு வெளியே, பொதுமக்களின் வாயில் இன்னொரு தீர்வு தானாகவே உருவாகியிருக்கிறது. தமிழ்க் கிறித்தவர்கள், எந்தச் சபையாராயினும், ஜெபத்தில் கடவுளை 'நீர்' என்கிறார்கள். 'நீ' இல்லை, நாயன்மாரும் ஆழ்வாரும் உரிமையோடு சொன்ன அந்த ஒருமை இவர்கள் வாயில் வருவதில்லை. 'நீங்கள்' என்பதும் இல்லை. அது அலுவலகத்துக்கும் அந்நியருக்கும். 'நீர்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இன்றைய நகரப் பேச்சில் அந்தச் சொல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. தெற்கே சில ஊர்களில் ஒத்த வயதுக்காரர்கள் மட்டும் இன்னும் 'நீரு', 'வேய்' என்று பேசிக்கொள்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் கோவில்களில் ஞாயிறு காலையில் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு 'உம்முடைய', 'உமக்கே' என்று சொல்லும்போது, மனிதரில் யாருக்கும் அன்றாடம் தராத மரியாதை ஒன்றும் தோழனிடம் பேசும் நெருக்கம் ஒன்றும் ஒரே எழுத்தில் கலக்கின்றன. எந்தக் குழுவும் கூடி இதை ஆழ்ந்து ஆராய்ந்து தேர்ந்ததாகத் தோன்றவில்லை. பழைய தமிழ் நடையில் இருந்தது அப்படியே தங்கிவிட்டது. ஆனால் தங்கியதற்குக் காரணம், வேறெதுவும் பொருந்தவில்லை என்பதுதான்.

கடைசியாக ஒரு சொல். மாற்கு நற்செய்தி கிரேக்கத்தில் எழுதப்பட்டது. கைதாகும் இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு தரையில் விழுந்து ஜெபிக்கும் இடத்தில் மாற்கு அவர் வாயிலிருந்து வந்த அரமாயச் சொல்லை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் கிரேக்கப் பொருளையும் எழுதுகிறார். பவுலும் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது கிறித்தவர்கள் இதே சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்கிறார். அந்தச் சொல் 'அப்பா'. தமிழோடு அதற்கு உறவு எதுவுமில்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் அந்த இடத்தில் அடிக்குறிப்புப் போட வேண்டியிருக்கிறது. தம்பிரானா பராபரனா தேவனா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடிய தமிழ் மொழிபெயர்ப்பில், வியர்வை சொட்டத் தரையில் கிடந்த ஒருவர் சொன்ன அந்தச் சொல்லை எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதிவிட்டார்கள். கேட்கிற குழந்தைக்கும் அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.